ஊருக்குச் சொன்னது

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் தலைவர். கோடை பிறந்தால் எங்கள் ஊரில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது வழக்கம்: குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் மோட்டார் பறிமுதல், இணைப்பு துண்டிப்பு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அறிவித்தார்கள். ஒரு மோட்டாரைக்கூட யாரும் தொட்டதில்லை. ஆட்டோ சத்தம் கேட்டதுமே, சரி, கோடை வந்துவிட்டது என்று பரணிலிருந்து மோட்டாரை இறக்குவார்கள் எங்கள் ஜனங்கள்.

கடைசித் தெருவுக்குத்தான் பாடு. மேலே உள்ள வீடுகள் உறிஞ்சியது போக அங்கே குழாயில் காற்றுதான் வரும். கரண்டு போனால் மோட்டார்கள் நிற்கும். அப்போதுதான் அவர்களுக்குத் தண்ணீர். ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அந்தத் தெரு மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

கிராமசபைக் கூட்டத்தில் அந்தத் தெருப் பெண் ஒருவர் எழுந்தார்.

"நீங்களும் மைக்குல சொல்லிட்டுப் போயிருவீக. எங்களுக்குக் கரண்டு போனாத்தான் தண்ணி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை முதல் யார் வீட்டில் மோட்டார் ஓடினாலும் பிடுங்குவேன், கோடை முடியும்வரை அந்த வீட்டுக்கு இணைப்பு கிடையாது என்று அங்கேயே சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் திறந்ததும் டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் சத்தம் என் வீட்டிலிருந்தே கேட்டது. ஆபரேட்டர் நின்றுவிட்டார். அடுத்த தெருவை முதலில் பார்ப்போமே என்று மெல்லச் சொன்னார்.

உள்ளே போனேன். கொல்லைப்பக்கம் கோழி அடைக்கும் பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. தூக்கினால் மோட்டார். கோழி பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் துண்டோடு வந்தார்.

"அது ஊருக்குச் சொன்னதுல்ல? நமக்குமா?"

பாவம், நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். எனக்கு ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து வந்தன. கூடவே புத்தியும் வந்தது. செய்ய முடியாததைத் தலைவர் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் விட்ட மிரட்டல், தப்பு செய்கிறவர்களுக்கு நாமே கொடுக்கும் அனுமதி. நாளைக்கு ரோடு போடுவேன் என்று நான் சொன்னாலும் அதே பின்வரிசை சிரிக்கும்.

"கழட்டுங்க. பைப்பையும் அடைச்சிருங்க," என்றேன் ஆபரேட்டரிடம்.

மோட்டாரை அவர் சைக்கிள் கேரியரில் கட்டி, நான் சொன்னபடி கடைத்தெரு வழியாகவே ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஆபீஸ் வராந்தாவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். அதற்கப்புறம் யார் வீட்டுக்கும் நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மோட்டார்களெல்லாம் பரணுக்குத் திரும்பின. என் வீட்டுக்காரர் மட்டும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை, வீட்டில் குழாய் இல்லாததால், குடத்தோடு கடைசித் தெருவுக்குப் போனேன். தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பேசிய அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"கரண்டு போயிருச்சாக்கும்னு நெனச்சேன். வீட்டுக்குள்ள போயி சுவிட்ச போட்டுப் பாத்தேன். ஃபேனு சுத்துது."

யாரோ எனக்காகக் குடங்களை நகர்த்தப் போனார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தேன்.