ஐவி போட்ட ஓட்டு

ஐவி டட்டர்சாலின் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஐவிக்கு ஒரே தம்பி, வில்ஃப். பெண்டாட்டி செத்தபிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அந்தப் பிரிவை மூடிவிட்டு எல்லோரையும் நகரத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

"அதுக்குப் பேசாம வீட்டுலயே படுத்துச் செத்துடறேன்க்கா" என்றான் வில்ஃப். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சமயம் ஆஸ்பத்திரி கவர்னர் குழுவில் எங்கள் ஊருக்கான இடம் காலியாக இருந்தது. காசு கொடுக்காமலே யாரும் ஆஸ்பத்திரியின் உறுப்பினராகலாம். அந்த உறுப்பினர்கள் தபாலில் ஓட்டுப் போட்டுக் கவர்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். கவர்னர் ஆனால் நிர்வாகத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம். ஐவிக்கு வேண்டியது அதுதான். போட்டிக்கு நின்றுவிட்டாள்.

அவள் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற சிப்ஸ் கடையில் மீன் பொரிக்கிறவள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஓட்டுக் கேட்டாள்.

"கவர்னரா? அந்தக்காலத்து லாட்டு கவர்னருங்க மாதிரி இறகு வெச்ச தொப்பி குடுப்பாங்களா கண்ணு?" என்றான் கசாப்புக்கடை ஸ்டான்லி.

"குடுத்தா உன் மொட்டையில மாட்டி விடறேன். ஓட்டுப் போடுவியா?"

"உனக்குப் போடாம?"

ஊரே அப்படித்தான் சொன்னது. ஓட்டுச் சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது, முக்கால்வாசிப் பேர் உறுப்பினராகவே சேரவில்லை. இனிமேல் சேர்ந்தாலும் இந்தத் தேர்தலுக்கு ஆகாது. ஸ்டான்லியைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் பொறந்ததே அந்த ஆஸ்பத்திரியிலதான். அது போதும்னு நெனச்சேன்" என்றான் அவன்.

எதிர்த்து நின்றவர் கிளிஃபர்ட் ஓர்மரோட், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டார். நான் கேக் எடுத்துக்கொண்டு ஐவிக்கு ஆறுதல் சொல்லப் போனேன்.

"ஒரு ஓட்டுலயா போச்சு? நீ ஒழுங்கா உன் சீட்டைத் தபால்ல போட்டியாடி?"

"போட்டேன். ஓர்மரோடுக்கு."

"என்னது?"

"என் பேருக்கு நானே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? எங்கம்மா இருந்தா காதைத் திருகியிருப்பா."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தட்டில் கடைசித் துண்டு கேக் கிடந்தால் பட்டினியில் இருப்பவன்கூட எடுக்காத ஊர் இது. உள்ளறையிலிருந்து வில்ஃப் குரல் கொடுத்தான்: "பரவால்லக்கா, என் சாவு மரியாதையான சாவா இருக்கும்!"

அது ஐவிக்குச் சுருக்கென்றது. அடுத்த கவர்னர் கூட்டத்துக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். கூட்டம் தொடங்குமுன் டீ ஊற்றுகிற இடத்தில் ஓர்மரோடை மடக்கினாள்.

"உங்கள ஜெயிக்க வெச்ச அந்த ஒரு ஓட்டு என்னோடது."

"நீங்க... உங்களுக்கே போட்டுக்கலையாம்மா?"

"வெக்கமா இருந்துச்சு."

மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. "நான் எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்."

"தெரியும், பேங்க்காரராச்சே. டயாலிசிஸ் பிரிவ ஏன் மூடறாங்கன்னு கேளுங்க. மழுப்பினா விடாதீங்க."

கேட்டார். கடன் கேட்டு வந்தவனைக் குடைவதுபோல் அன்றைக்கும் குடைந்தார், அடுத்தடுத்த கூட்டங்களிலும் குடைந்தார். கடைசியில் பிரிவை மூடவில்லை. வில்ஃபுக்கு இடம் நிலைத்தது. ஆனால் படுக்கையில் இரண்டைக் குறைத்துவிட்டார்கள். அதற்காக ஐவி ஓர்மரோடைக் கடைத்தெருவில் நிற்கவைத்துத் திட்டினாள். அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.