திரையில் காணாமல் போன தீவு

பித்துங் துறைமுகத்தில் வெல்மியின் வாய்க்குப் பயப்படாத கேப்டன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். மீன்பிடிப் படகுகளின் ரேடார்களைப் பழுது பார்க்கிறவள். ஐம்பத்திரண்டு வயதிலும் படகின் கம்பத்தில் மடமடவென்று ஏறிவிடுவாள். அங்கிருந்தபடியே கீழே நிற்கிறவனின் வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்தில் ஏற்றுவாள். ஐஸ் விற்கிற எனக்கு ஓசியில் தினசரி நாடகம்.

அவள் போடுகிற சண்டையெல்லாம் அரிசிமணி அளவு டயோடு ஒன்றுக்காகத்தான். ரேடாரின் காது வாசலில் அது காவல் நிற்கும். மெல்லிய எதிரொலி வந்தால் உள்ளே விடும். பலமான ரேடார் அலை வந்து அடித்தால் குறுக்கே விழுந்து திருப்பி அனுப்பும். ஆனால் பத்தடி தள்ளி நிற்கும் படகின் ரேடார் நாள் முழுக்க அறைந்துகொண்டே இருந்தால் அதுதான் என்ன செய்யும்? கருகிப்போய், வாசலை அடைத்துக்கொண்டு சாகும். அப்புறம் காது நன்றாக இருந்தும் ஒன்றும் கேட்காது. திரை மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஆட்களின் மண்டையில் இது எங்கே ஏறுகிறது? அறுவடை நன்றித் திருநாளன்று படகுகளை ஒட்டி ஒட்டிக் கட்டி, எல்லா ரேடாரையும் சுழலவிட்டால்தான் அவர்களுக்குத் திருவிழா. அந்த வருஷமும் அணைக்கச் சொல்லி வெல்மி தொண்டை வற்றக் கத்தினாள். நோவ்ரி என்ற இளம் கேப்டன் மட்டும் அணைத்தான். பக்கத்துப் படகின் கேப்டன் ஃபெஸ்துஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வேறு யாருமில்லை, வெல்மியின் புருஷன்.

"பொம்பளை பேச்சைக் கேட்டு ரேடாரை அணைக்கிற பயலுக்குப் படகு எதுக்குடா? தொட்டில் வாங்கிப் படுத்துக்க!" என்று சொல்லிப் பனங்கள்ளை ஒரே மடக்கில் குடித்தான். அவன் ரேடார் சாயங்காலம் வரை நிற்கவில்லை.

மறுநாள் காலை மழை கொட்டியது. ஆறு கேப்டன்கள் வெல்மியின் கடை வாசலில் நின்றார்கள். எல்லா ரேடாரும் செவிடு, நோவ்ரி அணைத்துவைத்ததும்கூட; அணைத்தாலும் காது திறந்தேதானே இருக்கும். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு டயோடு. வெளியூரிலிருந்து அடுத்தது வர நாலு நாள் ஆகும். சூரை மீன் கூட்டம் வந்தாயிற்று, இன்று கிளம்பாத கேப்டனுக்கு இனிமேல் படகு கிடையாது என்று படகுகளின் முதலாளி தன் ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

"என் படகுல மாட்டு," என்றான் ஃபெஸ்துஸ், கேட்கவே தேவையில்லாதவன் போல.

"நோவ்ரிக்குத்தான். அவன் அணைச்சான். அவன் ரேடாரைக் கருக்குனது நீ."

நோவ்ரி நெளிந்தான். அத்தை முறைக்கு அவளை அவன் தாந்தே என்றுதான் கூப்பிடுவான். "தாந்தே, வேணாம். உங்க வீட்டுல சண்டை வரும்."

"எங்க வீட்டுல என்னிக்குடா சண்டை இல்ல? நீ வாயை மூடு."

ஃபெஸ்துஸுக்கு மூக்குக்கு மேல் கோபம். "போடி! என் ரேடார் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல. கடல் சுத்தமா இருக்குன்னு காட்டுது. நான் கிளம்புறேன்."

வெல்மி அவன் படகில் ஏறித் திரையைப் பார்த்தாள்.

"சுத்தம்தான்யா. எதிர்த்தாப்புல லெம்பேன்னு ஒரு தீவு, மலையும் காடுமா இருந்துச்சே. அதை எவன் தூக்கிட்டுப் போனான்?"

படகு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஃபெஸ்துஸ் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போயிற்று.

"நான் உன் புருஷன்டி. என் பொழப்பு போகுதுடி." குரல் உடைந்தது.

"தெரியும்யா. பொழப்பு போனா நான் சோறு போடுறேன். இந்த மழையில சரக்குக் கப்பல் உன் மேல ஏறினா நான் என்ன செய்வேன்?"

வெல்மி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஃபெஸ்துஸ் தீவில்லாத அந்தத் திரையை அணைத்தான். பிறகு படகின் சாவியை முதலாளியின் ஆளிடம் கொடுத்துவிட்டு, நோவ்ரியின் படகுக்கு நடந்தான். வெல்மி அதற்குள் அந்தப் படகின் கம்பத்தில் ஏறியிருந்தாள். அவன் மழையில் அண்ணாந்து பார்த்து, "எத்தனாம் நம்பர் ஸ்பேனர் வேணும்?" என்று கேட்டான்.