எர்த்துக்கு ஒரு சங்கிலி

பெரியப்பா எந்தப் பொருளையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். பிரிட்ஜ் கதவு, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு இரும்பு கேட், பேருந்தின் கைப்பிடிக் கம்பி, எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. எப்போதோ ஒரு வாஷிங் மெஷின் அவரைத் தூக்கியடித்திருந்தது. உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் ஆளைப் பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் உதறிவிடும் என்று அதைப் பழுதுபார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடமாக அந்த வழக்கம் மாறவில்லை. தம்பி மகள் மின்பொறியியல் பட்டச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டியபோது, குடும்பத்தின் முதல் பட்டம் என்று எல்லோரும் கண்கலங்கி நிற்க, அவர் அதையும் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாங்கினார். ஷாக் அடிக்கவில்லை. அதில் அவ்வளவு கரண்ட் இல்லை என்பது அவளுக்கு மட்டும் அப்போதே தெரியும்.

பேருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பதால் தெருவுக்கு அவர் 'செக்கர்'. அவருக்குத் தெரியாத தொழில் கிடையாது. பக்கத்து இருக்கையில் ஒரு கொத்தனார் வந்தால் நாலு நிறுத்தத்தில் கொத்துவேலை வந்துவிடும். பல் டாக்டர் ஒருவர் இரண்டே நிறுத்தத்தில் இறங்கிவிட்டதால் பல் வைத்தியம் மட்டும் அரைகுறை. "இதெல்லாம் நமக்குத் தெரியாததா?" என்று அவர் ஆரம்பித்தால், வீட்டில் ஏதோ ஒன்று உடையப்போகிறது என்று பெரியம்மா சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார்.

ஊரார் போகிற இடத்துக்கெல்லாம் டிக்கெட் கேட்டவர் பெரியம்மாவை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. ஓய்வு பெற்றதும் அதற்குப் பரிகாரமாக, ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துக்கட்டிய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். பலகைக் கட்டில் போட்டார். அடுப்பு வைத்தார். பெரியம்மாவின் இன்சுலின் கெடாமல் இருக்க ஒரு குட்டி பிரிட்ஜ் வைத்தார். இரவெல்லாம் பிரிட்ஜ் ஓடினால் காலையில் இன்ஜின் பாட்டரி செத்துக் கிடக்கும். ஆகவே பிரிட்ஜுக்கும் லைட்டுக்கும் தனியாக இரண்டாவது பாட்டரி. வண்டி ஓடும்போது இன்ஜின் அதற்கும் சார்ஜ் ஏற்றும். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, முன்னாலிருந்து கட்டைவிரல் பருமன் ஒயர் இழுத்து, ஒரே நாளில் முடித்தார்.

பிரிட்ஜ் உறுமத் தொடங்கினால் லைட் மங்கியது. பெரியப்பா யோசித்தார். எர்த் சரியில்லை. எர்த் என்றால் மண். வேனோ ரப்பர் டயரில் நிற்கிறது. மண்ணை எங்கே தொடுகிறது? கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் கடைக்குப் போய் இரண்டு முழம் இரும்புச் சங்கிலி வாங்கி, வண்டியின் வயிற்றில் மாட்டித் தரையில் தொங்கவிட்டார். அப்போதும் லைட் மங்கியது. வீட்டில் எர்த் வீக்காக இருந்தால் என்ன செய்வார்கள்? குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினார். தினமும் காலையில் பல் விளக்கியதும், செடிக்கு ஊற்றுவதுபோல், சங்கிலிக்கு ஒரு சொம்பு. ஒரு மாதத்தில் சங்கிலி துருவேறியது. மூன்றடி சுற்றளவில் புல் கருகியது. லைட் மங்கிக்கொண்டேதான் இருந்தது.

இது அவரோடு முடிந்திருந்தால் தெரு சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் வண்டியைக் குடியிருக்கும் வண்டியாகப் பதிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. அதன் கடைசிக் கட்டத்தில், 'மின் இணைப்புகளை நேரில் சோதித்தேன், பாதுகாப்பானவை' என்று ஒரு மின்பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

"நம்ம வீட்லயே ஆள் இருக்கு" என்றார் பெரியப்பா.

அந்த ஆள் ஒரு செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். குமிழி இல்லாமல் ஒட்டுவதில் கெட்டிக்காரி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசைக்கு நாலு பேர். அவள் கையெழுத்து அழகு என்பதால் ரீடிங் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. மற்ற மூன்று பேர் ஒயர் கோர்த்தார்கள். நாலு வருடத்தில் அவள் கை பட்டது பேனாவில் மட்டும்தான். இப்போதும் அதே அழகான கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார் அப்பா. "உன்ன காலேஜ்ல சேக்கறதுக்கு விடியக்காலைல போய் வரிசைல நின்னது யாரு? நானா? அவர்தானே?"

அவள் சனிக்கிழமை காலை போனாள். கடையில் போன் பழுதுபார்ப்பவரிடம் இரவல் வாங்கிய மீட்டர் பையில் இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று இரண்டு முறை கேட்டுவைத்திருந்தாள். அவர் சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

"வாங்க இன்ஜினியரம்மா! பேனா கொண்டாந்தியா?" என்றார் பெரியப்பா.

"மீட்டர் கொண்டாந்தேன் பெரியப்பா."

"அது எதுக்கு? நான்தான் செக் பண்ணிட்டேனே." புறங்கையால் வேனைத் தொட்டுக் காட்டினார். "ஷாக்கே அடிக்கல பாரு."

"பன்னெண்டு வோல்ட் ஷாக் அடிக்காது பெரியப்பா. நெருப்புதான் வைக்கும்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். பரீட்சையில் எழுதிய வரி. வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை.

கட்டிலில் பெரியம்மா உட்கார்ந்து புதுத் திரைக்கு வளையம் கோர்த்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிவிட்டுப் பலகையைத் தூக்கினாள். பாட்டரி இருந்தது. சிவப்பு ஒயர் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக வந்தது. ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. ரப்பர் வளையம்கூட இல்லை. வண்டி குலுங்கக் குலுங்க ஒயரின் தோலை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருந்தது.

"பியூஸ் எங்க பெரியப்பா?"

"பியூஸ் இருந்தா பியூஸ் போகும். பியூஸே இல்லன்னா எது போகும்?" அவர் எதிர்வீட்டுத் தையல்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். தையல்காரர் வேலையை விட்டுவிட்டு எப்போதோ வந்து நின்றிருந்தார்.

"வண்டி போகும்" என்றாள் அவள்.

தையல்காரர் வெடித்துச் சிரித்தார். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கியது. "இதான் படிச்சவங்ககிட்ட வெச்சுக்கக் கூடாதுங்கறது. கையெழுத்து போடறியா இல்லையா?"

அவள் பிரிட்ஜையும் லைட்டையும் போட்டாள். லைட் வழக்கம்போல் சோம்பியது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும் மற்றதைச் சுரண்டிவிட்ட வெறும் தகட்டிலும் வைத்தாள். சைபருக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மைனஸ் ஒயரைத் தேடிக்கொண்டே போனாள். அது சீட்டுக் காலில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. போல்ட்டுக்கு அடியில், ரொட்டிக் கம்பெனியின் மஞ்சள் பெயிண்ட் மூன்று பூச்சு, புத்தம் புதிதாக.

"வண்டில எர்த்னா மண்ணு இல்ல பெரியப்பா. இந்த இரும்பு உடம்புதான். கரண்ட் இது வழியாதான் பாட்டரிக்குத் திரும்பி வரணும். நடுவுல பெயிண்ட் உக்காந்திருக்கு. அந்தச் சங்கிலிக்கு இதுல ஒரு வேலையும் இல்ல."

"சங்கிலிய கழட்டினா இருக்கிற லைட்டும் எரியாது!"

"எரிஞ்சா?"

"எரிஞ்சா அத கழுத்துல மாலையா போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கறேன், போதுமா?"

"நான் சாட்சி" என்றார் தையல்காரர்.

ஸ்பேனரை எடுத்தவளுக்குப் புதுச் சந்தேகம் வந்தது. முதலில் எதைக் கழற்றுவது? பிளஸ்ஸில் இருக்கும்போது ஸ்பேனர் தவறித் தகட்டில் பட்டால்? தகடு முழுக்க மைனஸ். அப்படியே பொறி பறக்கும். ஆகவே மைனஸ்தான் முதலில். எழுதி எழுதிப் பாழாய்ப் போயிருந்த ஏதோ ஒன்று முதல் முறையாக விரல் நுனிக்கு வந்தது. இரண்டாவது பாட்டரியின் மைனஸைக் கழற்றி ஒதுக்கினாள். முன்பக்கம் போய் இன்ஜின் பாட்டரியிலும் அதையே செய்தாள். மஞ்சள் பெயிண்டை வெள்ளி மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்தாள். போல்ட்டை இறுக்கினாள். பெரியப்பா வாங்கிய உப்பில் வேனுக்குப் பயன்பட்டது இந்தத் தாள் ஒன்றுதான் என்று தையல்காரர் சொன்னதை எல்லோரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துச் சங்கிலியைக் கழற்றி வெளியே எறிந்தாள்.

மைனஸ்களைத் திரும்ப மாட்டி எல்லாவற்றையும் போட்டாள். பிரிட்ஜ் உறுமியது. லைட் இமைக்கவில்லை.

பெரியப்பா லைட்டைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். "காலை நேரத்துல பாட்டரி பிரெஷ்ஷா இருக்கும், அதான் எரியுது" என்றார்.

"இப்போ போடுமா கையெழுத்து" என்று அவரே படிவத்தை நீட்டினார்.

அவளுக்குப் போட்டுவிட ஆசையாக இருந்தது. ஜெயித்தாகிவிட்டது. அப்பாவுக்கும் சந்தோஷம். 'நேரில் சோதித்தேன்' என்ற வரி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. 

"பியூஸ் போடணும் பெரியப்பா. இந்த ஒயருக்கு ரெண்டு முனையிலயும் பாட்டரி இருக்கு. நடுவுல தோல் கிழிஞ்சு தகட்டுல பட்டா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பாயும். அதனால ஒவ்வொரு பாட்டரி பக்கத்துலயும், ஒரு சாண் தள்ளி, ஒவ்வொரு பியூஸ். அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

"ரெண்டு பியூஸா? நீ என்ன என் கிட்டயே செக்கிங் பண்றியா? வரிசைல நின்ன என் காலு..."

"ஏங்க" என்றார் பெரியம்மா. அதுவரை வாயைத் திறக்காதவர். வளையம் கோர்த்த திரை மடியில் இருந்தது. "ராத்திரி நான் படுக்கப்போறது எது மேல?"

பெரியப்பா குனிந்து பலகையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. இந்தப் பலகை மேலதானே? அவ சொல்றத போட்டா வர்றேன். இல்லன்னா நீங்களும் அந்தச் சங்கிலியும் போய்ட்டு வாங்க."

ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு பியூஸும் ரப்பர் வளையமும் வந்து சேர்ந்தன. அவளே மாட்டினாள். ஒயரை இழுத்துப் பார்த்தாள், பிரிட்ஜை ஒரு மணி நேரம் ஓடவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. தொட்டது புறங்கையால் என்பதைத் தொட்ட பிறகுதான் கவனித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு அழகாக வரவில்லை. விரலெல்லாம் கிரீஸ்.

புதன்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். பெரியம்மா கையசைத்தார். பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். சங்கிலி வாசல் கேட்டின் கொக்கியில் தொங்கியது.

பத்து நாள் கழித்துப் பெரியம்மா போனில் கூப்பிட்டார். ஓர் ஏரிக்கரையில் இருக்கிறார்களாம். பின்னால் பெரியப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. பக்கத்து வண்டிக்காரருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "எர்த்னா மண்ணுன்னு நெனச்சுக்கறாங்க சார். மொதல்ல பெயிண்ட சுரண்டணும். ரெண்டு பியூஸ். இதெல்லாம் நமக்குத் தெரியாததா?"

"போன அவர்கிட்ட குடுங்க பெரியம்மா."

"ஹலோ, இன்ஜினியரம்மா!"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு நடை பாக்கி இருக்கு பெரியப்பா. தையல்காரர் தினம் கேக்கறார்."

"என்னம்மா? சரியா கேக்கலையே. இங்க டவர் இல்ல."

அவர் மூச்சு விடுவதுகூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.