எழுபத்தொன்பதில் நின்ற கணக்கு

தில்லைநகர் மருத்துவமனையில் எந்த வரிசைக்கு முன் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. தணிக்கை அலுவலகத்தில் தலை நரைத்தவன். கோப்பு, காப்பீட்டு அட்டை, நகல்கள், எதிலும் குறையில்லை. என் மனைவியின் ஞாபகத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போயிருந்தோம்.

அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமான புதிதில், ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். எதிரே வரும் வண்டிகளின் நம்பரில் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். பகா எண் வந்ததும் முதலில் சொன்னவருக்கு வெற்றி. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு அந்த எண்கள் பிடித்துப்போனது எரிச்சலால். விதி, துணைவிதி என்றே பிழைத்தவன் நான். இவையோ ஒன்றையும் தம்மையும் தவிர வேறெதாலும் வகுபடாதவை. அடுத்தது எங்கே வரும் என்பதற்கும் சுலபமான விதி கிடையாது. எழுபத்தொன்றும் எழுபத்துமூன்றும் ஒட்டி உட்காரும். எண்பத்தொன்பதை விட்டால் தொண்ணூற்றேழு வரை ஆளே இல்லை. விளக்கம் கேட்டு மெமோ அனுப்ப முடியாது. அந்த இடைவெளியில் தொண்ணூற்றொன்று பகா எண் வேஷம் போட்டு நிற்கும். முதல் நாளே அதில் விழுந்தேன். ஏழு பதிமூன்று என்று அவள் அன்று சிரித்த சிரிப்பு வருடக்கணக்கில் ஓயவில்லை.

"அம்மா, நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க" என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண்.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒம்போது." நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான். பகா எண் வந்துடுச்சே."

டாக்டர் ஏதோ குறித்தார். நான் விளையாட்டின் விதியை விளக்க ஆரம்பித்தேன்.

"சார், நீங்க பேசாதீங்க. அவங்க சொல்லட்டும்."

அவளோ ஜெயித்த களிப்பில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது பாலத்தில் வழக்கமான நெரிசல். எதிரே ஒரு வேன்.

"ஏங்க, தொண்ணூத்தி ஒண்ணு! பகா எண். நான்தான் ஜெயிச்சேன்."

எனக்குத் திருத்தத் தெம்பில்லை. "ஆமா" என்றேன்.

"ஆமாவா? ஏழு பதிமூணு எவ்ளோங்க? இத்தனை வயசாகியும் அதே குழியில விழறீங்களே!"

பாலம் முடியும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு ஆட்சேபணைக் கடிதம் எழுத வேண்டும் என்று முதல் வரியைக்கூட மனதுக்குள் அமைத்துவிட்டேன்.

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் என் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கா போறோம்? யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான்" என்றேன்.