தேசிக்காய் பிரேக் பிடிக்காது

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் மதிசுதனுக்குத் தெரியாத வேலை கிடையாது. தண்ணி மோட்டரைக் கழற்றுவார், மின்விசிறியைக் கழற்றுவார்; திருப்பிப் பூட்டியபின் மிஞ்சும் ஆணிகளைப் பால்மா டின்னில் போட்டு வைப்பார். துறைமுகத்தில் லிகிதர் உத்தியோகம். கராஜுக்கும் போகமாட்டார், கோயிலுக்கும் போகமாட்டார். இரண்டு இடத்திலும் ஏமாற்றுகிறார்களாம்.

போன மாதம் அவருடைய காரின் முன் பிரேக் கிரீச்சிடத் தொடங்கியது. சில்லைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேய்ந்துவிட்டது.

"கராஜில குடுங்கோவன்," என்றார் மனைவி ராசமலர்.

"இதில ஒரு பிழை வந்தால் பேந்து நான் ஸ்பானர் தொடமாட்டன். நீர் காரைக் கராஜிலயே விடும்." ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சில்லைக் கழற்றினார். கைபேசியில் ஒருவன் செய்துகாட்ட, இவரும் செய்தார். புதுப் பேட் தடிப்பு. அதற்கு இடம் வேண்டி, பேட்டை அழுத்துகிற பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளினார். இரண்டு பக்கமும் பூட்டியாயிற்று. அவன் "கடைசியாக ஒன்று" என்று வாயெடுத்ததும் வீடியோவை நிறுத்திவிட்டார்.

"இனி லைக் போடு, ஷெயார் பண்ணு எண்டுதான் சொல்லுவான்."

எதிர்வீட்டுப் படலையில் நின்ற எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ராசமலர் இரண்டு தேசிக்காயோடு வந்து முன் சில்லுகளுக்குக் கீழே வைத்தார்.

"தேசிக்காய் பிரேக் பிடிக்காது, ராசமலர். நான் பூட்டினதுதான் பிடிக்கும்," என்று ஏறிக் காரை எடுத்தார்.

தேசிக்காய் நசிந்தது. பிரேக்கை மிதித்தார். பெடல் அடிமட்டும் போனது, கார் நிற்கவில்லை. ஆறுதலாக உருண்டு ஒழுங்கையைக் கடந்து வந்து, நான் போன சித்திரையில் கட்டிய மதிலில் முட்டியது. மேல் வரிசைக் கல்லெல்லாம் சரிந்தது.

"என்னப்பா நடந்தது? பிழையாப் பூட்டிட்டீங்களோ?" ராசமலர் ஓடிவந்தார்.

மனிதர் கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். பையில் செருகியிருந்த ஸ்பானரைப் பார்த்தார்.

"சீச்சீ. காலம் சரியில்லை. அந்தத் தேசிக்காய் இல்லாட்டி நான் இண்டைக்கு உயிரோட இல்லை."

அன்று பின்னேரம் சரிந்த மதிலுக்கு மேலால் பார்த்தேன். காருக்குள் இருந்து மீதி வீடியோவைச் சத்தமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பெடலை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருந்தார். கார் ஓட முன்னம், உள்ளே தள்ளிய பிஸ்டனை அப்படி மிதித்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டுமாம். மதில் முழுசாக இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திராது.

இப்போது கார் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஆளும் வெள்ளிக்கிழமை தவறாமல் வேட்டி கட்டிக் கோயிலில் நிற்கிறார். கேட்டவன் கேளாதவன் எல்லோருக்கும் தேசிக்காயின் மகிமை சொல்கிறார். என் மதில் உடைந்தது போதாதென்று எனக்கே சொன்னார். பொறுக்கமாட்டாமல் ராசமலரிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தேன்.

"தெரியும் அண்ணை. அண்டைக்கே நான் அந்த வீடியோவைக் கடைசிமட்டும் பாத்தனான்."

"பேந்தேன் பிள்ளை பேசாமல் இருக்கிறீர்?"

"எத்தினை வருசமாக் கோயிலுக்கு வாங்கோ எண்டு கெஞ்சினனான், அண்ணை. வந்த மனுசனை ஏன் திருப்பி அனுப்புவான்?"