அண்ணிக்கு ஒரு முழுப் படம்

பிரிண்டர் துப்பிய முதல் படத்தில் அண்ணிக்கு இடது காது இல்லை. காதோடு கம்மலும் போயிருந்தது. அண்ணி இறந்து அன்று முப்பதாம் நாள். சாயங்காலம் அனந்தபுரத்தில் அண்ணன் வீட்டில் படையல். ஃபிரேம் வாங்கியாகிவிட்டது, உள்ளே வைக்கப் படம்தான் இல்லை. ஸ்டுடியோவில் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். எனக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது. செஞ்சியில் என் வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறதே என்று பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணப் படத்தில் இருக்கும் இருபது வயதுப் பெண் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆதார் படத்தில் இருப்பது அண்ணியே இல்லை. எங்கே போனாலும் செல்ஃபி எடுப்பவர் அவர்தான். கையை நீட்டி, கழுத்தைச் சாய்த்து, எல்லாரும் படத்துக்குள் விழுந்தார்களா என்று பார்த்த பிறகே அமுக்குவார். அதனால் எல்லாப் படத்திலும் ஓரத்தில் பாதி முகமாகத்தான் இருப்பார். முழு முகம் விழுந்தது, போன வருஷம் செஞ்சிக் கோட்டையில் எடுத்த ஒன்றே ஒன்றில். அதிலும் இடது காதை ஒட்டிப் படம் முடிந்துவிடுகிறது.

விளிம்பில்லாமல் அச்சடிக்கச் சொன்னால் பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடுகிறது. அந்த வழிசலில் காது போகிறது. விளிம்போடு அடித்தால் சுற்றிலும் வெள்ளைப் பட்டை, அடியில் இன்னும் அகலமாக. காது தப்பட்டும் என்று படத்தைச் சிறிதாக்கினால், கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கும் அண்ணன் மகள் உள்ளே வந்துவிடுகிறாள். உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடுவது எங்கள் பக்கம் ஆகாது. ஐந்து தாள் வீணாயிற்று. பிரிண்டர் தலையில் இரண்டு தட்டு தட்டினேன்.

"இன்னா இவ்ளோ டென்ஷன்? மூணு மணிக்குதான பஸ்ஸு" என்றார் வீட்டுக்காரர்.

"காது இல்லாம எப்படிங்க வெக்கிறது?" என்று கத்தினேன்.

படத்தை வாங்கிப்போக வந்திருந்த அண்ணன் மகள், நான் ஒதுக்கிப்போட்ட வெள்ளைப் பட்டைப் படத்தை எடுத்தாள். "இது நல்லாதான இருக்குது அத்தை. அம்மா முழுசா இருக்குது."

"சுத்தி வெள்ளையா தெரியுதுடி."

"தெரிஞ்சா தெரியட்டும்." படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "அம்மா கன்னத்துல ஒட்டினு இருக்கறது என் முடிதான? அத வெட்டிடாத."

வெட்ட மனம் வரவில்லை. அப்படியே ஃபிரேமில் வைத்து மூடினேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் அத்தை, அம்மாவ தனியா ஒரு போட்டோ கூட யாரும் எடுக்கலியா?"

அன்று கோட்டையில், ராஜகிரி மலைப் படிக்கட்டில் ஏறும்போது அண்ணி செல்லை என்னிடம் நீட்டினார். "பாப்பா, என்ன மட்டும் தனியா ஒண்ணு எடேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. வெயில் ஏறுகிறதே என்று எனக்குப் பரபரப்பு. "எறங்கும்போது எடுக்கலாம், வாங்க அண்ணி" என்று அடுத்த படியில் கால் வைத்துவிட்டேன். இறங்கும்போது பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இதை அண்ணன் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, கிளம்பு" என்றேன்.