சந்தையில் குருத்து வேகவைத்தவள்

ராமுத்தாய் மலையடிவாரத்துச் சிலமலைக்காரி. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். போடிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பாதையோரக் குடியிருப்பில் தவசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மலைச் சனங்களை அவள் மனிதராகவே மதிக்கவில்லை. மாமியார் மூங்கில் குருத்தில் குழம்பு வைத்துப் பரிமாறியபோது வட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"ஆனை திங்கிறத எனக்கு வைக்கிறீகளே! எங்க வீட்ல மாட்டுக்குக்கூட இதவிட நல்லதா வைப்பாக."

தவசி சிரித்தான். அவனையும் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

1950களின் தொடக்கத்தில் ஓர் ஆடி மழையில் பாதை சரிந்தது. அரிசி மேலே ஏறவில்லை. பசி தாங்காமல் அவளும் குருத்தைத் தின்றாள். தட்டாம்பயறு சேர்த்து வைத்த அந்தக் குழம்பு ருசியாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். இவ்வளவு ருசியானதை விற்கத் தெரியாத சனமா என்று அதற்கும் சேர்த்து ஏசினாள்.

பாதை சீரானதும் குருத்தை உரித்து, அரிந்து, அதன் நஞ்சு போகத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, போடிச் சந்தைக்குச் சுமந்துபோனாள். அங்கே நெல் விற்க வந்திருந்த அவளுடைய அண்ணன் மொக்கச்சாமி கண்டும் காணாதவன்போல் தாண்டிப் போனான்.

"நெல்லு வித்தா கௌரவம், குருத்து வித்தா கேவலமாக்கும்!" என்று அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

வியாபாரம் பிடித்தது. குடியிருப்புப் பெண்களும் கூடையோடு இறங்கினார்கள். ஒவ்வொரு புதரிலும் பாதிக் குருத்தை வளர விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அதைப் பார்த்துத்தான் தோட்டத்துக் கங்காணி கன்னையனுக்கு ஆசை வந்தது. ஆளும் அரிவாளுமாக வந்து மேற்காட்டுப் புதர்களை மொட்டையடித்தான்.

"தானா முளைக்குது. ஒங்கப்பன் நட்டானா?" என்றான், தடுக்க வந்த ராமுத்தாயிடம்.

"முளைக்கிறதுக்கு எதையாச்சும் விட்டுவச்சியா, மூதேவி?"

பச்சைக் குருத்தை மூட்டை கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையில் கொட்டினான். ஊறவைக்காமல் சமைத்த வீடுகளில் வாந்தியும் மயக்கமும். அடுத்த சந்தைக்குக் கன்னையன் வரவில்லை. ராமுத்தாய் வந்தாள். சனம் அவளை வளைத்துக்கொண்டது.

"வெசத்த விக்க வந்திட்டியா?"

அவள் வாய்ச்சண்டைக்கு நிற்கவில்லை. டீக்கடையில் சட்டி வாங்கி, மூன்று கல் கூட்டி, அடுப்பு மூட்டினாள். ஊறிய குருத்தை வேகவைத்து நீரை இறுத்தாள். மிளகாயும் உப்பும் போட்டு மறுபடி வேகவைத்து, எல்லோரும் பார்க்க வயிறு நிறையத் தின்றாள்.

"ஊறவைக்கத் தெரியாத கழுதைகிட்ட வாங்கினீக. எப்பிடிச் சமைக்கணும்னு ஒரு வார்த்த கேட்டீகளா? வாய் எதுக்கு இருக்கு, திங்கிறதுக்கு மட்டுமா?"

பிள்ளை வாந்தியெடுத்துப் பிழைத்த ஒருத்திதான் முதலில் தூக்குவாளியை நீட்டினாள். "இதுல போடு ஆத்தா."

"இது ஊறினது. பச்சையா வாங்கினா ரெண்டு நா ஊறணும். தண்ணிய மாத்து. மறந்துட்டு எங்கிட்ட வந்து அழுகாத," என்றபடி ராமுத்தாய் அள்ளிப் போட்டாள்.

மறுவருச மழையில் மேற்காட்டில் குச்சி குச்சியாகத்தான் ஏதோ தலைகாட்டியது. இனி யாரும் தனியாக அரிவாளோடு புதருக்குள் போகக் கூடாது என்று குடியிருப்பு முடிவு செய்தது. பெண்கள் முறைபோட்டுக் காவலிருந்தார்கள். தோட்டத்தில் வேலை போன கன்னையன் தலையைச் சொறிந்துகொண்டு சோலி கேட்டு வந்தான். ராமுத்தாய் கூடை சுமக்க வைத்துக்கொண்டாள்.

"அவனைப் போயி எதுக்குச் சேத்த?" என்றான் தவசி.

"தலைக்குள்ள ஒண்ணுமில்ல. தலைமேல கூடையாச்சும் இருக்கட்டும்."